சுட்டுவிரலும் பரங்கிப் பிஞ்சும்

என் வலது கைச் சுட்டுவிரலைக் கண்டு நானே நடுங்கிய காலம் ஒன்று உண்டு. இன்றைக்கு அதே விரலை நீட்டி ஆபீசில் நாலு பேரை மிரட்டுகிறேன். அவர்களில் ஒருவரும் வெம்பி விழுந்ததாகத் தகவல் இல்லை. எட்டு வயதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில், கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு தெருவில் குடியிருந்தோம். வருஷத்தில் பத்து மாதம் நைனா துறைமுக வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிவரும் வாடிய காய்தான் எங்களுக்கு. மார்கழியும் தையும் மட்டும் ராஜபோகம். கால்வாய்க்கு அந்தக் கரையில் இருக்கும் மணலியிலிருந்து படகில் மொச்சையும் அவரையும் வந்து இறங்கும். கூடைக்குள் கையை விட்டால் பனி ஈரம் சில்லென்று ஒட்டும். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து பனங்கிழங்குக் கட்டுகளும், மண் உதிராத சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தலைச்சுமையாக வரும். விடியற்காலையில் குளிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்னை அம்மா அடித்ததே இல்லை. வெந்நீர் அடுப்புச் சாம்பலுக்குள் ஒரு வள்ளிக்கிழங்கைப் புதைத்துவிடுவாள். அது சுடும் வாசனை வர வர நான் தானாகவே சட்டையைக் கழற்றிவிடுவேன்.

அந்த வருஷம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். நாள் முழுக்கப் பச்சை மொச்சையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, தலை நிறையச் சாமந்தி வைத்துக்கொண்டு, வீட்டுக்கே எஜமானி போல உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டதை வாங்கிவரும் உத்தியோகம் எனக்கு.

கீரை, பூ எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில்தான் வாங்குவோம். தோட்டக்காரி எங்களுக்கு உறவில்லை. ஆனாலும் அவளை நான் அத்தை என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகுட்டி இல்லை. வாய் மட்டும் பெரிசு. மார்கழியில் அவளுக்குக் கிராக்கி அதிகம். வாசல் கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து, அதன் தலையில் பூசணிப்பூ செருகவேண்டுமே. உண்மையில் அது பரங்கிக் கொடியின் பூ. எல்லோரும் பூசணிப்பூ என்றுதான் சொல்வார்கள், பூவும் மறுத்ததில்லை. எங்கள் தெருவில் எந்த வாசலில் எத்தனை பூ என்பது கௌரவப் பிரச்சினை. எதிர்வீட்டில் ஐந்து வைத்தால் அம்மா ஏழு வைப்பாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் போட்டி போட்டதில், விடிவதற்குள் அத்தையின் கொடிகள் மொட்டையாகிவிடும்.

ஒரு நாள் பூ வாங்கப் போனபோது, கொடிக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் பிஞ்சுகள் இருப்பதைப் பார்த்தேன். பொங்கல் குழம்புக்கு ஒன்று பிடித்துவைக்கலாமே என்ற நல்லெண்ணத்தில் விரலை நீட்டி எண்ணினேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"பிஞ்ச வெரல் காட்டி எண்ணுறியே, அறிவு கீதாடா உனுக்கு? வெம்பிப்பூடும்."

"அதெப்படி அத்தே வெம்பும்? நான் தொடவே இல்லியே."

"வாயப் பாரு. பூவ வாங்கிகினு வூட்டுக்கு நட."

நான் சிரித்துக்கொண்டே நடந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த தைரியத்தில் நூறில் ஒரு பங்கு பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. சாயங்காலம் அக்கா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதே விரலை அவள் வயிற்றுக்கு நேராக நீட்டி, "பாப்பா தலை இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டேன். அவளும் சிரித்துக்கொண்டு, "இங்க உதைக்குது பாரு" என்று காட்டினாள். நான் அங்கேயும் விரலை நீட்டினேன்.

நாலு நாள் கழித்துத் தோட்டத்துக்குப் போனால், வாசலில் நாலைந்து பெண்கள் நடுவே அத்தை நின்றிருந்தாள். அவள் உள்ளங்கையில் என் பிஞ்சுகள். மஞ்சள் பாய்ந்து, சுருங்கி, முனை அழுகிக் கிடந்தன. நான் எண்ணியவற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"தோ வரான் பாரு, இவன்தான்" என்றாள் எல்லோருக்கும் கேட்க. "அத்தினியும் வெரல் காட்டி எண்ணினான். நாலே நாளு, கொட்டிப்பூட்ச்சி."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அக்காவின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

பிஞ்சு என்றால் பிஞ்சுதானே. கொடியில் இருந்தால் என்ன, அக்காவிடம் இருந்தால் என்ன. இப்படித்தான் என் மூளை கணக்குப் போட்டது. வாத்தியார் போடச்சொன்ன கணக்கு எதையும் அது இவ்வளவு வேகமாகப் போட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவனிடம், யாருக்கோ நடந்தது மாதிரி விசாரித்தேன். விரலைக் கடித்துவிட்டால் தோஷம் போய்விடும் என்றான். கடித்தேன். எத்தனை தடவை என்று அவன் சொல்லவில்லையாதலால், எதற்கும் இருக்கட்டும் என்று பிரார்த்தனை மாதிரி நாள் முழுக்கக் கடித்தேன். விரல் வீங்கிவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. அம்மாவிடம் காட்டி, மஞ்சள் பற்றுப் போட்டு, துணி சுற்றிக் கட்டிக்கொண்டேன். மூடிவைத்த விளக்குக்கு வெளிச்சம் வராதது போல, கட்டிவைத்த விரலுக்கு விஷம் வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அக்காவுக்கு நாளெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். "சொம்பு எங்கடா? சீப்பு எங்கடா?" நான் மோவாயால் காட்டினேன். சில சமயம் முழங்கையால். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்த ஒரு நேரத்தில் காலால் காட்டிவிட்டேன்.

"இன்னாடா, கர்ப்பிணிக்குக் கால் காட்டுற? கொயுப்பா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். உலகத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறவனுக்கு இதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. சூட்டு வலிதான், படுத்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் அதற்குள் காது, கால் எல்லாம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன.

தோட்டத்தில் அத்தை அரிவாளை வைத்துக் கீரை அறுத்துக்கொண்டிருந்தாள். நான் துணிக்கட்டை அவிழ்த்து விரலை அவள் முன் நீட்டினேன். உடனே பயந்துபோய் வானத்தைப் பார்க்கத் திருப்பிக்கொண்டேன்.

"அத்தே, இத்த வெட்டிடு."

"இன்னாத்துக்கு?"

அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வயிற்றுக்கு நேரே காட்டியதை, கடித்ததை, கட்டியதை, இப்போது வலி வந்ததை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உன் வெரலாலதான் பிஞ்சு வுயுந்துச்சின்னு யார்ரா சொன்னது?"

"நீதான் சொன்ன. எல்லார் எதிர்லயும்."

அத்தை அரிவாளைக் கீழே வைத்தாள். மொட்டையாக நின்ற கொடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தே, அயுவாத. பேஜாரு பண்ணாத" என்றாள் கடைசியில். "இங்க வா. புதுசா பிஞ்சு விட்டுகீது பாரு. ஒண்ணொண்ணா காட்டு."

"மாட்டேன்."

"காட்டுடான்றேன்."

என் மணிக்கட்டைப் பிடித்து, கொடிகொடியாக இழுத்துப்போய், பட்டாணி அளவில் இருந்த ஒவ்வொரு பிஞ்சுக்கும் நேராக என் விரலை நீட்டவைத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதால் எத்தனை என்று எனக்குத் தெரியாது.

"பொங்கல் வரிக்கும் தெனிக்கும் வந்து இதே மாரி காட்டணும். இதுங்க நின்னுச்சின்னா உங்க அக்கா புள்ளையும் நிக்கும். வுயுந்துச்சின்னா, அப்பால நானே வெட்டுறேன் வெரல. போ."

தினமும் போனேன். இரண்டாம் நாளே தோட்டம் வேறு மாதிரி இருந்தது. கொடி முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்து அப்படியே கிடந்தது. வண்டும் தேனீயும் மொய்த்ததில் எனக்கு உள்ளே போகவே பயம். ஏற்கெனவே ஒரு பயத்தோடு போகிறவனுக்கு இன்னொன்று. அத்தை வரப்பில் நின்று அதட்டுவாள், நான் தூரத்திலிருந்தே காட்டிவிட்டு ஓடிவருவேன். நாலு நாள் போயிற்று. பிஞ்சுகள் விழவில்லை. எட்டாம் நாள் எலுமிச்சையைத் தாண்டின. அக்காவும் எழுந்து நடமாடி, மறுபடி மொச்சை கேட்க ஆரம்பித்தாள்.

தெருவில் மட்டும் கலவரம். தோட்டக்காரி யாருக்கும் பூ கொடுப்பதில்லை. மார்கழி பாதியில் இப்படி ஓர் அநியாயம் உண்டா. சாணி உருண்டைகள் மொட்டைத் தலையோடு நின்றன. அம்மா சாமந்தியைச் செருகிப் பார்த்தாள், எடுபடவில்லை. எதிர்வீட்டிலும் அதே கதி என்பதுதான் அவளுக்கு ஒரே ஆறுதல்.

ஒரு நாள் காலை, வாசலில் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ தெனம் அங்க போய்கினு கீறியே, நெசமாவே பூ இல்லியா?"

முதல் தடவையாகத் தெருவே என் சொல்லுக்குக் காத்திருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"கொடி பூரா பூ கீதும்மா. வேணும்னுட்டே தர மாட்டேன்றா" என்றேன்.

அன்றோடு எங்கள் தெரு அவளிடம் கீரை வாங்குவதையும் நிறுத்தியது. பொங்கலுக்கு அவள் வீட்டு மஞ்சள் கொத்தும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அம்மா மணலிப் படகிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். விற்பனைக் காலத்தில் தன் வீட்டு வாசலில் விற்காத கீரைக்கட்டுகளோடு அத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நான் போய்க் காட்டிவிட்டு வந்தேன். திமிர் பிடித்தவளுக்கு நன்றாக வேண்டும் என்று அம்மா சொன்னதை நானும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்த மூன்றாம் நாள் அக்காவுக்குப் பெண் பிறந்தது. கையும் காலும் கணக்காக இருந்தன. தெருவுக்கே கேட்கும் குரல். என் விரல் அன்றுதான் விடுதலையாயிற்று. அதன் நுனியைக் குழந்தை பிடித்துக்கொண்டபோதுகூட நான் அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

போன வருஷம் என் வீட்டுக் கொல்லையில் பரங்கி போட்டேன். மார்கழியில் என் சம்சாரம் தினமும் பூக்களை அள்ளிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். பிஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகிக் கொட்டின. நான் விரலைக் கூட நீட்டவில்லை என்று சத்தியம் செய்தேன். காய்கறி விற்க வந்தவள் எட்டிப் பார்த்து, "ஆம்பளப் பூவ அத்தினியும் பறிச்சிட்டா பிஞ்சு எப்டி சாமி நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அத்தையின் மொட்டைக் கொடிகளும், பிறகு அவள் பறிக்கவிடாமல் பூத்துக் கிடந்த அதே கொடிகளும் அப்போதுதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தன.

இது எதுவும் தெரியாத எட்டு வயதுக்காரன், குழந்தைக்குப் பேர் வைத்த அன்று வாசலில் நின்றிருந்தான். தோட்டத்து அத்தை ஒரு பரங்கிக்காயை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பந்திச் சாம்பாருக்கு ஆகும் என்று சொல்லிக் காயை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"பூ கேட்டா மட்டும் இல்ல. காய் எங்கேந்து வந்துச்சாம்?" என்றாள்.

அத்தை அம்மாவுக்குப் பதில் சொன்னாள். ஆனால் என்னைத்தான் பார்த்தாள்.

"பூ இருந்ததாலதான் வந்துச்சி."

அவள் இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து, நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.