கந்தர்வனுக்கு ஓர் அக்காள்

என்ன படித்தேன், என்ன எழுதினேன் என்பதை நாள் தவறாமல் டைரியில் குறித்துவைப்பேன். ஆடி கடைசி வியாழனுக்கு நேராக ஒரு வரிதான் இருக்கிறது: ‘பதினேழாம் அத்தியாயம் போட்டேன். கல்யாணம்.’

கைபேசிச் செயலி ஒன்றில் புனைபெயரில் தொடர்கதை எழுதிவந்தேன். மலைச்சுனையில் வாழும் கந்தர்வனுக்கும் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒருத்திக்கும் காதல். படுக்கையறைக் கதவை நான் சாத்துவதில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர்க்காரனை வைத்து அப்படி எழுதத் துணிவு வந்திருக்காது. கந்தர்வனுக்குச் சாதியோ சொந்தபந்தமோ கிடையாது; அவனிடம் ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கலாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றோடு எழுத்து நின்றுவிடும்.

ஆனால் எங்கள் முறை இல்லாமல் ஒரு கல்யாணத்தை எழுதக் கை வரவில்லை. இணைச்சீருக்காகவே கந்தர்வனுக்கு ஓர் அக்காளை உண்டாக்கினேன். கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை உடன்பிறந்தவளும் பிடித்து நிற்கும் சடங்கு அது. அக்காள் ஏந்தியிருந்த சீர்க்கூடை சரிய, இரண்டு கையாலும் அதைத் தாங்கியவள், நழுவிய சேலை முனையைப் பல்லால் கவ்விக்கொண்டாள் என்று எழுதினேன். என் கல்யாணத்தில் நடந்ததுதான். கவ்வியவர் என் கணவரின் அக்காள். நங்கை என்று கூப்பிடுவேன்.

அடுத்து வந்த ஞாயிறு காலை நங்கை ஓமலூரிலிருந்து வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் வெங்காயம் உரிக்க, நங்கையின் அம்மாவான என் அத்தை அரிசி புடைக்க, நங்கை கைபேசியைப் பார்த்தபடியே சொன்னார்:

“ஏம்மா, ஒரு கதை படிக்கறேன். அதுல ஒருத்தி இணைச்சீர்ச் சீலையைப் பல்லுல கவ்வறா.”

அத்தை சிரித்தார். “உன்னையாட்டமேவா? எவ எழுதுனாளாம்?”

என் கை நின்றது.

“தெரியல. நம்மூட்டுக் கல்யாணத்துல சோறு தின்னவளாத்தான் இருக்கோணும்.”

“மேக்கொண்டு படி, கேக்கலாம்.”

அடுத்த பத்தியில் முதலிரவு. நங்கை அதை முன்பே படித்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சார்ஜு போயிருச்சும்மா” என்றார் நங்கை.

அத்தை சலித்துக்கொண்டு முறத்தோடு வாசலுக்குப் போனதும் நங்கை என் பக்கம் குனிந்தார். “எத்தனை நாளா புள்ள இந்த வேலை?”

“ரெண்டு வருசமாச்சுங்க நங்கை.”

“பல்லுல கவ்வுனதை இன்னைக்கே எடுத்துப்போடு. எவளாச்சும் எங்கம்மாளுக்குப் படிச்சுக் காட்டிருவா.”

“சரிங்க.”

எழுந்தவர் நின்றார். “அந்த அக்காக்காரியைச் சீலை புடிக்க மட்டும் கூப்பிட்டுட்டு அப்படியே உட்டுட்டயே. அவளுக்கு ஆரும் இல்லையா?”

சார்ஜ் தீராத கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அந்த ஞாயிறுக்கு நேராக டைரியில் இருப்பது: ‘பதினேழு: பல் நீக்கம். பதினெட்டு: அக்காள்.’