கனமான மெஷின், லேசான மெஷின்

என் வீட்டுக்காரர் மில்லில் தச்சராக இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் மில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தது. விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுத்துக் கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர் முதல் வாரமே பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே வேலைக்காகப் போராடும்போது கையில் இருந்ததை உதறிவிட்டு வந்திருக்கிறாரே என்று பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலியார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுப் பட்டறை வைத்தோம். அவர் அறுத்து இழைத்துப் பூட்டுவார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பாலிஷ் ஏற்றுவதும் என் வேலை. ஒரு கதவுக்கு இரண்டு நாள் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைஸ். ராத்திரி சோறு பிசையும்போது விரல் நுனி எரியும். அவரும் முன்பெல்லாம் தேய்க்க உட்காருவார். போகப்போக அதை முழுக்க என்னிடமே விட்டுவிட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

வேறு சில மாற்றங்களும் இருந்தன. யாராவது வந்தால் அவர்கள் எதிரில் காபி குடிக்க மாட்டார். டம்ளரை அப்படியே வைத்திருந்து, அவர்கள் போனபிறகு ஆறியதைக் குடிப்பார். உட்கார்ந்தால் வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் எதுவும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் லாசுப்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு சொல்தா எங்களுக்குப் பெரிய வேலை கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பதினாறு தேக்குக் கதவு, ஜன்னல்கள், பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசை ஒன்று. வேலையைப் பார்க்க வந்தவர் நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிரான்சில் இதற்கு மெஷின் இருக்கிறது, பேர் பொன்சேஸ் என்றார். மறுநாள் பிரான்சிலிருந்து வந்த ஒரு கடைப் புத்தகத்தைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினார். இஸ்திரிப்பெட்டி போல ஒன்று. அடியில் இரண்டு உருளைகள். அவற்றின்மேல் உப்புத்தாள் பெல்ட்டாகச் சுற்றி ஓடும். கையால் பிடித்து மரத்தின்மேல் நகர்த்தினால் போதும். மெட்ராசில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள், நான் முன்பணம் தருகிறேன் என்றார்.

சின்ன வயதில் நாலைந்து வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனவர் என் வீட்டுக்காரர். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னா போட்டிருக்குது என்று கேட்டேன். எடை போட்டிருக்கிறது என்றார். வேறெதையும் படித்துச் சொல்லவில்லை.

இருவருமாகத் திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்து மெட்ராஸ் போனோம். பாரிமுனையில் ஒரு குறுகலான கடை. கடைக்காரர் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று ஜப்பான் சரக்கு. சிறியது, லேசானது, பின்னால் தூசி பிடிக்கத் துணிப்பை தைத்திருந்தது. மற்றது இங்கேயே செய்தது, இரண்டு மடங்கு கனம், அகலமான பெல்ட். பை கிடையாது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைக்காரர் எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எந்தக் குமிழைத் திருக வேண்டும், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் கட்டை தேய்ந்தால் எப்படி மாற்றுவது என்றெல்லாம் விளக்கினார். மெஷினை ஒரு தரம் வாங்குவீர்கள், பெல்ட்டை ஆயுசுக்கும் வாங்குவீர்கள், அதை யோசித்து எடுங்கள் என்றும் சொன்னார். கனமானதற்குப் பெல்ட் எங்கேயும் ஒட்டிக் கொடுப்பார்களாம். ஜப்பான் மெஷினுக்கு அவர் கடையில் ஒரு கட்டு மட்டும் இருந்தது.

ஒரு பலகையைப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் நேராகக் கனமானதைத்தான் பிடித்தார். அது மரத்தின்மேல் எருமை படுத்ததுபோல உட்கார்ந்துகொண்டு மெல்ல நகர்ந்தது. பலகை பளிச்சென்று வந்தது. அவர் முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு சிரிப்பு.

"இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். தோள்பட்டை இறங்கியது. லேசானதை எடுத்து ஓட்டினேன். கொஞ்சம் துள்ளியது, ஆனால் என் கைக்கு அடங்கியது. தூசியும் பைக்குள் போனது. நீங்களும் இதை ஓட்டிப் பாருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். ஒரு தரம் பிடித்துத்தான் பாருங்களேன் என்று மறுபடியும் சொன்னேன். கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளெல்லாம் தேய்க்கப் போறது நானு. கை என்னுது" என்றேன்.

அவர் வெளியே போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, உன் இஷ்டம் என்று பணத்தை எடுத்து வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான்தான். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் வந்தபிறகு வேலை ஓடியது. இரண்டு நாள் கதவு அரை நாளில் முடிந்தது. பெல்ட்டை ஓடவிட்டபிறகுதான் மரத்தில் வைக்க வேண்டும், ஒரே இடத்தில் ஒரு நொடி நின்றாலும் பள்ளம் விழும், நார் போகும் போக்கிலேயே நகர்த்த வேண்டும் என்பதை இரண்டு மூன்று பழைய பலகைகளைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். அவர் மெஷின் பக்கமே வரவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று விட்டுவிட்டேன்.

மேசை மட்டும் பாக்கி இருந்தபோது, கதிர்காமத்தில் என் பெரியப்பா தவறிவிட்டார். துக்கத்துக்குப் போய்விட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினேன். பட்டறையில் சத்தமே இல்லை. மேசைப்பலகை கட்டையின்மேல் கிடந்தது. அதன் நடுவிலும் ஓரத்திலும் பிறை பிறையாக ஏழெட்டுப் பள்ளங்கள். மெஷின் துள்ளித் துள்ளிக் கடித்த தடம். அவர் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கி வைத்திருந்தார்.

இன்னா ஆச்சு என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை வெளியே இழுத்தேன். என் உள்ளங்கைக்குள் அது ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தப் பார்க்கிறார், நிற்கவில்லை.

"கனமா இருந்தா கை நிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"மில்லுல இருக்கறப்பவே. அவங்களா கண்டுபுடிச்சி அனுப்பறதுக்குள்ள நானே எழுதிக் குடுத்துட்டேன்."

அன்றைக்கு நாங்கள் சமைக்கவில்லை. அவரை மாதக்கணக்கில் பேசாமல் வாட்டியதும், அந்தக் கடையில் நான் சொன்ன வார்த்தையும் மாறிமாறி மனசில் வந்துகொண்டிருந்தன. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் இன்னா சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

சொல்தாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வந்து பார்த்தார். பள்ளங்களைக் கட்டைவிரலால் தடவினார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "தப்பு என்னுது முசியே, அவ ஊர்ல இல்ல" என்றார். சொல்தா அவர் கையைப் பார்த்தாரோ என்னவோ, கத்தவில்லை. மேசை முழுவதையும் பள்ளத்தின் ஆழத்துக்கு இழைத்துச் சமன் செய்து தரச் சொன்னார். இழைப்புளியை அதுவரை நான் பிடித்ததில்லை. பக்கத்தில் நின்று எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, நான்கு நாள் தள்ளினேன். மேசை விரல்கடை சன்னமாகிப் போனது. சொல்தா பேசிய தொகையைக் கொடுத்து எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை எதுவும் அனுப்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், கோடு போடச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். பிறகு நோயின் பெயரைச் சொல்லி, மெதுவாகக் கூடும், முழுதாகத் தீராது, மாத்திரையில் சில மணி நேரம் அடங்கும் என்றார். சாயந்திரம் வரும் வழியில் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அவர் அலையைப் பார்த்துக்கொண்டே, மரத்தை மெஷினிடம் கொண்டுபோனால் இன்னா என்றார். எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் புரிந்தது. பலா மரத்தில் ஒரு தொட்டில் மாதிரிக் குடைந்து, அதில் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, பட்டைக் கம்பியால் முடுக்கிப் பெஞ்சில் பூட்டியிருந்தார். அந்தக் குடைவில் உளித் தடம் கோணலும் மாணலுமாக இருந்தது. மில்லில் அப்படி ஒரு வேலையை அவர் வெளியே விட்டிருக்க மாட்டார். பெல்ட் மேலே பார்த்து ஓடியது. மாத்திரை போட்டு அரை மணி கழித்து ஸ்டூல் கால்களையும் சப்பாத்திக் கட்டைகளையும் இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளைப் பெஞ்சில் ஊன்றி, அதன்மேல் வைத்துத் தேய்ப்பார். பெரிய வேலை இருந்தால் மெஷினைக் கழற்றி எனக்குக் கொடுப்பார்.

நாலு வருஷம் அப்படி ஓட்டினார். நன்றாக ஓட்டினார் என்று சொல்ல மாட்டேன். கை வழுக்கி விரல் தோல் உரிந்த நாட்கள் உண்டு. ரத்தம் காய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை என்பார். மெஷினை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன். அதைச் செய்ய மனசு வரவில்லை. செய்திருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை. ஜப்பான் பெல்ட்டுகளும் தீர்ந்துபோயின. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒருவரிடம் கெஞ்சி, அகலமான பெல்ட்டை நறுக்கி ஒட்டி வாங்கினோம். பாதி பெல்ட் ஒட்டு விட்டுப் பிய்ந்துவிடும். பெல்ட் செலவு என்று பார்த்தாலும் அவர் கேட்ட கனமானதுதான் சரியான மெஷின்.

ஐந்தாவது வருஷம் பெஞ்சுக்குப் போவதை அவரே நிறுத்தினார். மில்லை விட்டு வந்த ஒருவரின் மனைவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் பட்டறையை நடத்தினேன். அவர் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குரல் தேய்ந்துவிட்டதால் மெஷின் சத்தத்தில் அவர் பேசுவது கேட்காது. ஒரு மரத்துண்டால் நாற்காலிக் காலைத் தட்டுவார். ஒரு நாள் நான் கதவு தேய்த்துக்கொண்டிருந்தபோது விடாமல் தட்டினார். எரிச்சலோடு நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"கார்பன் தேஞ்சிடுச்சி. சத்தம் மாறுது" என்றார்.

கழற்றிப் பார்த்தேன். இரண்டு கட்டையும் நகக்கண் அளவுதான் மிச்சம் இருந்தது. புதியதை மாட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.