மருந்தை நிறுத்தியதற்கு ஒரு காப்பிப் பொட்டலம்

பெல்கிரேடு ரயில் பாதையிலுள்ள வல்யேவோ ஊரில் முப்பத்தோரு வருடமாக மருந்துக்கடை நடத்தும் தெசாங்காவுக்கு எந்த டாக்டரிடமும் பயமில்லை. மருந்து எழுதிய டாக்டருக்கு ஊரார் காப்பிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மருந்தை நிறுத்தியவருக்கு யாரும் கொடுத்ததில்லை. பிறகு எந்த டாக்டர்தான் நிறுத்துவார் என்பாள்.

ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஜிவோயின் அன்று புதிய மருந்துச்சீட்டை நீட்டினார்.

"மறதிக்கு மாத்திரை, தெசா. நான் ஓட்டுன லைன்லயே ஸ்டேஷன் பேரெல்லாம் மறந்துபோகுது."

தெசாங்கா அவருடைய பழைய சீட்டுகளையும் எடுத்துப் பரப்பினாள்.

"பிரஷர் மாத்திரையில கால் வீங்குச்சு. வீக்கத்துக்கு நீர் பிரியற மாத்திரை. அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதுன்னு இன்னொண்ணு. அதுதாண்ணே உங்க புத்திய மழுக்குது! இப்ப அதுக்கும் ஒண்ணா?"

"டாக்டருங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

"அவங்க ஆளுக்கொரு சீட்டு எழுதுனாங்க. எல்லாத்தையும் சேத்துப் படிச்சவ நான் ஒருத்திதான்."

அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டாள். முதலில் எரிந்து விழுந்த டாக்டர், பட்டியலைக் கேட்டதும் அடங்கிப்போனார். பிரஷர் மாத்திரையை மாற்றினார். மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

இரண்டு மாதம் கழித்து ஜிவோயின் கடை மேஜையில் ஒரு காப்பிப் பொட்டலத்தை வைத்தார்.

"டாக்டருக்குப் போக வேண்டியது வழி தவறி வந்துடுச்சாண்ணே?"

"வழியா? கேட்டுக்கோ!" என்று, தான் ஓட்டிய லைனில் பெல்கிரேடில் தொடங்கிக் கடற்கரையிலுள்ள பார் என்ற துறைமுகம் வரைக்கும் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தெசாங்கா கையைக் கட்டிக்கொண்டு, வண்டி கடலைத் தொடும்வரை அத்தனை பேரையும் காக்க வைத்தாள்.