மெல்லிய தோல்காரர்கள்

கண்ணாடித் தகட்டில் சொட்டு விழும்போது ஆய்வகத்துப் பாசி அக்கா மூச்சு விடமாட்டாள். அதன்மேல் மூடித்தகடு படிந்த பிறகுதான் தோள் இறங்கும். வலக்கை நுண்ணோக்கியின் திருகில், இடக்கைக் கட்டைவிரல் எண்ணும் கருவியில். டிக், டிக். "இதுக்கு நட்சத்திரத்தை எண்ணலாம், கழுத்து வலியாவது போகும்" என்பார் கணவர்.

உறைந்த துருவக் கடலில் துளையிட்டு எடுத்துக் கப்பலில் வரும் பனிக்கட்டிகளில், அடிப்பக்கம் மட்டும் பழுப்பேறியிருக்கும். அதுதான் பாசி. "மேல பனி மெத்தையா கிடந்தா கட்டிக்குள்ள வெளிச்சம் போகாது, இதுங்க தூங்கும். மெலிசா இருந்தா சீக்கிரமே முழிச்சுக்கும். கட்டி அவசரப்பட்டு உடைஞ்சா மொத்தமும் போச்சு. அப்புறம் குட்டி இறால் எதைத் திங்கும், சொல்லு?" யார் கேட்டாலும் இதே பாட்டுதான். இருபத்திரண்டு ஆண்டு எண்ணிக்கையைக் கட்டத்தாளில் புள்ளிகளாக வைத்து, ஒரே கோடாக இணைத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஓர் ஆண்டுகூட விட்டுப்போனதில்லை.

இந்த ஆண்டுப் புள்ளி பாதிக்கும் கீழே விழுந்தது. அவள் எண்ணிக்கையை வைத்து அறிக்கை எழுதும் ஆராய்ச்சியாளர் துள்ளினார். "அக்கா, கட்டி சீக்கிரமே உடைஞ்சிருக்கு! அறிக்கையில முதல் பக்கமே இதுதான்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடி பார்த்தாள். கண்ணாடி ஓடு கொண்ட பாசிகள் வழக்கம்போல் நிறைந்திருந்தன. ஓடில்லாத மெல்லிய தோல்காரர்களை மட்டும் காணோம். கட்டி உடைந்திருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா போயிருக்கும்?

கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த காலை நினைவுக்கு வந்தது. கட்டிகளை உருகுவதற்காக வாளியில் போட்டுவிட்டு ஓடினாள். வடிகட்டிய கடல்நீரை ஊற்றவில்லை. உருகும் நீரில் உப்பு குறைந்தால் மெல்லிய தோல் ஊதி வெடித்துவிடும். புதிதாக வருகிறவர்களை நூறு முறை எச்சரித்தவள் அவள்தான்.

"சார், பாசி கடல்ல சாகல. நான்தான் கொன்னுட்டேன்."

நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவர் பொத்தென்று உட்கார்ந்தார். "வேற கட்டி இருக்கா?"

"ஒண்ணும் மிச்சமில்ல."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "உங்களைத் தவிர யாருக்குக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார். அடுத்த வருஷப் புள்ளியை இந்தப் பொய்யோடவா சேர்ப்பேன்?"

அவர் தலை குனிந்தார். அவள் பிளேடை எடுத்துக்கொண்டு சுவரருகே போனாள். மூச்சை அடக்கி, காகிதம் கிழியாமல், அந்தப் புள்ளியைச் சுரண்டினாள். காலியான கட்டத்தில், பிழை யாருடையது என்று தெரிய, பொடி எழுத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகுதான் தோள் இறங்கியது.