கரியின் முகம்

நாய்க் காப்பகத்தில் படம் எடுப்பது அவள் வேலையே இல்லை. தொலைபேசியில் பேசத்தான் சேர்த்தார்கள். ஓயாமல் பேசுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ரேடியோ. படம் எடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் கேமரா அவள் தலையில் விழுந்தது.

நாயை வெள்ளைச் சுவரருகே நிறுத்தி, கேமராவைத் தானியங்கி முறையில் வைத்துப் பொத்தானை அழுத்துவாள். பழுப்பு நாய்கள் படத்தில் நன்றாக விழுந்தன. இணையப் பக்கத்தில் அவற்றைப் பார்த்து யாராவது வந்து கூட்டிப்போவார்கள். கரி என்ற கறுப்பு நாயை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"கறுப்பு நாய்க்கு ஆள் கிடைக்கிறது கஷ்டம்மா," என்றார் கால்நடை மருத்துவர்.

"என் படத்துல நாயே இல்லையே சார், மை கொட்டின மாதிரில்ல இருக்கு!"

அன்று சாப்பாட்டு நேரம் முழுக்கக் கேமராவைக் குடைந்தாள். சுவரின் வெண்மையைப் பார்த்து அது வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது; சுவரோடு நாயும் இருண்டுபோகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைக் கூட்டல் பக்கம் திருப்பினாள். சுவர் வெளுத்துப்போனது, நாய்க்கு மூக்கு முளைத்தது. கரியை நிழலுக்குக் கூட்டிப்போய், நெருங்கி உட்கார்ந்து முகத்தை மட்டும் எடுத்தாள். படம் முழுக்கக் கறுப்பு என்றதும் கேமரா வெளிச்சத்தை வாரி இறைக்க, நாய் சாம்பல் நிறமானது. கழித்தல் பக்கம் கொஞ்சம் திருப்பி மறுபடி எடுத்தாள். பிளந்த காது, தேன் நிறக் கண்கள், தாடையில் வெள்ளைப் புள்ளி எல்லாம் தெரிந்தன.

படம் போட்ட மறுநாள் லாரி மெக்கானிக் ஒருவர் எண்ணெய்ச் சட்டையோடு வந்து நின்றார்.

"அந்தக் காது கிழிஞ்சது எங்க வீட்டு நாய்ங்க. போன மழைக்காலத்துல இடி இடிச்சப்ப மிரண்டு ஓடிருச்சு."

"இத்தனை நாளா எங்க பக்கத்தைப் பாக்கலையாண்ணே?"

"தினமும் பாத்தேம்மா. கறுப்பா ஏதோ ஒண்ணு இருக்கும். தள்ளிட்டுப் போயிடுவேன்."

ரேடியோ அவரைக் கரியின் கூண்டுக்குக் கூட்டிப்போனாள். கூண்டைத் திறந்துவிட்டாள். கரி அவர் செருப்பை வெகுநேரம் முகர்ந்தது. அவர் குனிந்து வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வால் படபடவென்று அடித்துக்கொள்ள, அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

மிச்சமிருந்த கறுப்பு நாய்களையும் அந்த வாரமே நிழலில் வைத்துப் புதிதாக எடுத்தாள். சிலவற்றுக்கு வீடு கிடைத்தது. கிழட்டு நாய் ஒன்றின் முகத்தில் நரைமயிர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. அதைத் தேடி யாரும் வரவில்லை. இன்னும் காப்பகத்தில்தான் இருக்கிறது.