சட்டை உதறிய சாயங்காலங்கள்

உலர்ந்த சிமெண்ட் தூசிக்கு ஒரு மணம் உண்டு. மூக்கில் ஏறி ஒட்டிக்கொண்டு, தொண்டையில் கரகரவென்று இறங்கும் அந்த மணம்தான் என் சின்ன வயதுச் சாயங்காலங்களின் மணம். பல்லடம் பக்கத்தில் தறிக் குடோன்களுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் கூரை போடுகிறவர் என் அப்பா. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஊரில் எல்லோரும் ‘சீட்டு’ என்போம். அதை ரம்பத்தால் அறுத்து, துளை போட்டு, கொக்கி மாட்டிவிட்டு அவர் வீடு திரும்பும்போது புருவம்வரை வெள்ளையாக இருக்கும். ‘மாவு மில்லுக்காரரு வந்தாச்சு’ என்று நான் கேலி செய்வேன்.

அந்தச் சட்டையை நேராக வாளியில் போட அம்மா விடமாட்டாள். “ஒதறாம நனைச்சுப்போட்டா சிமெண்ட்டு துணியிலயே இறுகிப்போயிருமாக்கும், கண்ணு” என்பாள். ஆகவே தினமும் வாசலில் நின்று, ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு, ‘படார் படார்’ என்று உதறுவோம். சாய்ந்த வெயிலில் தூசி மினுமினுக்கும், நான் அதற்குள் குதிப்பேன். அம்மாவைப்போல வெளுப்பாகத் துணி துவைப்பவர் எங்கள் வீதியில் கிடையாது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

பல வருடங்கள் கழித்து அம்மாவுக்கு விலாவில் வலியும் மூச்சு வாங்கலும் வந்தபோது முதலில் சளி என்றார்கள். பிறகு, கிருமி எதுவும் தென்படாமலேயே, காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சில் கட்டிய நீரை ஊசி போட்டு எடுக்க எடுக்க மறுபடியும் சேர்ந்தது. கடைசியில் கோயம்புத்தூரில் சதையைக் கிள்ளிச் சோதித்துப் பார்த்துத்தான் மீசோதெலியோமா என்றார்கள். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வருகிற புற்றுநோய். சீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறதாம். அது மூச்சோடு உள்ளே போய் உறையில் குத்தி நின்று, முப்பது நாற்பது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு அந்த உறையைத் தடிக்க வைத்து, நுரையீரலை விரிய விடாமல் இறுக்குகிறதாம்.

“இவங்க எந்த மில்லுல வேலை செஞ்சாங்க?” என்று மருத்துவர் கேட்டார்.

“எங்கயும் இல்லீங்க. கூரை மேல நின்னது நானுங்க” என்றார் அப்பா. எழுபத்து நான்கு வயதிலும் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர், அன்றைக்கு நாற்காலியில் இருந்து எழவே இல்லை.

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சீட்டு விற்றவர்கள் ஒரு வார்த்தை சொன்னார்களா? மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், துணியை நனைத்துவிட்டு அலசுங்கள் என்பதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? உதவித்தொகை கேட்டு அனுப்பும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதுகிறேன், உதறிய சட்டைகளை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

இப்போது புதுக் குடோன்களுக்குப் பெரும்பாலும் நீலத் தகரம்தான் போடுகிறார்கள். வீதி முனையில் விளையாடிக்கொண்டிருந்த என்னை வாசலில் இருந்தே கூப்பிட்ட அந்தப் பழைய குரலும் அம்மாவுக்கு இப்போது இல்லை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சுக்காக நிறுத்துகிறாள். போன வாரம் அப்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: “நீயுந்தானே ஒதறுனே, கண்ணு... எத்தன வருசம் இருக்கும்?”

“ரெண்டு மூணு நாளுதாம்மா” என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் விலாவில் கையை வைத்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக் காட்டச் சொன்னாள்.