பெயர் கேட்காமல் போட்ட ஊசி

போர் முடிந்த வருடம் நான் மட்டக்களப்பில் தாதியர் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருந்தேன். ஊர் பழுகாமம். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் இருந்த முகாம்களில் காயங்களுக்கு மருந்து கட்ட ஆள் போதாமல் இருந்தபோது நானும் போய் உதவினேன். அப்படித்தான் இந்தப் படிப்பில் ஆசை வந்தது.

ஹொஸ்டலில் என் அறைத்தோழி சித்தாண்டிக்காரி. இறுதிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. பின்னேரங்களில் வராந்தாவில் இருந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். வினாக்கள் ஆங்கிலத்தில் வரும். விளங்குவதற்காகத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். மூச்சு முட்டுகிறவர், காய்ச்சல்காரர், காயத்தில் இரத்தம் கசிகிறவர், மூவரில் முதலில் யாரிடம் போவாய்? மருந்து கொடுக்கமுதல் ஆளை எப்படி உறுதி செய்வாய்?

"பேரை நாம சொல்லி ஓமோ எண்டு கேக்கப்படாது. அவங்கட வாயால சொல்ல வைக்கோணும்" என்று நான் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பேன். அவள் மெதுவானவள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பாள்.

"ஏனெண்டு சோதினையில கேக்கமாட்டாங்க, விடுகா" என்பேன்.

அந்த வாரம் எங்கள் இருவரையும் பெண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டுக்கு மாற்றினார்கள். வார்ட்டுக்குப் பொறுப்பு ஒரு சிஸ்டர், தலைமைத் தாதி. முதல் நாள் காலை, எட்டாம் கட்டில் அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடவேண்டும். அன்று என்னோடு நின்ற நர்ஸ் நான் ஏற்றிய அளவைச் சரிபார்த்தார். அதற்குள் அவரை வேறு பக்கம் கூப்பிட்டுவிட்டார்கள். ஊசியோடு நான் தனியே போனேன். கையில் கொண்டுபோன நோயாளி டிக்கெட்டில் இருந்த பெயரைச் சொல்லி, "நீங்கதானேம்மா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார் அந்தப் பெண். போட்டுவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து, பதினோராம் கட்டிலில் இருந்த வயதான அம்மா கூப்பிட்டார். "மிஸி, சாப்பாடு வந்திட்டு. எனக்கு இண்டைக்கு ஊசி இல்லையா?"

விடியற்காலையில் கட்டில்களை மாற்றியிருக்கிறார்கள். எட்டாம் கட்டிலில் இப்போது இருந்தவர் வன்னியிலிருந்து அகதி முகாம் வழியாகக் கொண்டுவரப்பட்டவர். ஷெல் பட்ட காலில் அன்று ஒப்பரேசன். அதற்காக இரவிலிருந்து வெறும் வயிறு.

அந்த நேரமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வசனம் போதும். நான் இன்னொரு ஊசியில் இன்சுலின் ஏற்றி, வயதான அம்மாவுக்குப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் படுக்கை விரிப்பு மாற்றப் போனேன். சின்ன அளவுதானே, தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோழிதான் கண்டாள். அந்தப் பெண்ணின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் திறந்தது. தோழி போட்ட சத்தத்தில் டொக்டர் ஓடிவந்தார். இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற, சில நிமிடங்களில் அந்தப் பெண் எழும்பித் தண்ணீர் கேட்டார்.

பாவித்த ஊசிகள் கிடந்த தட்டைப் பார்த்துவிட்டுத் தோழி என்னிடம் வந்தாள்.

"இண்டைக்கு இன்சுலின் ஒரு ஆளுக்குத்தான். ஏன்கா ரெண்டு ஊசி கிடக்கு?"

நடந்ததை அவளிடம் மட்டும் சொன்னேன்.

"போய் சிஸ்டரிட்டச் சொல்லு."

"சோதினை முடியட்டும்கா. இப்ப சொன்னா என்னை எழுத விடமாட்டாங்க."

"நான் சொன்னா அது கோள். நீதான் சொல்லோணும்" என்றாள். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. வராந்தாவில் கேள்வி கேட்க வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

சீனி நோய் இல்லாத ஒருவருக்குச் சீனி ஏன் இறங்கியது என்று டொக்டர்மாருக்கு விளங்கவில்லை. காரணம் தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கமுடியாது என்று ஒப்பரேசனைத் தள்ளிவைத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம் விரலில் குத்திச் சீனி பார்க்கச் சொன்னார்கள். அந்த வேலை எனக்குத்தான் வந்தது. நான் போனதும் அவர் கையை நீட்டுவார். ஒரு விரல் நொந்தால் அடுத்த விரலைத் தானாகவே தருவார். இல்லாத நோயை ஒன்பது நாள் அந்த விரல்களில் தேடினேன்.

அதற்குள் காயம் பழுதாகியிருந்தது. ஒப்பரேசன் செய்தபோது இரண்டு கால்விரல்களை எடுக்கவேண்டி வந்தது. முந்திச் செய்திருந்தால் தப்பியிருக்குமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பரீட்சைக்கு முந்திய வாரம் அவரை வீட்டுக்கு விட்டார்கள். துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, அண்டைக்கு உங்களுக்குப் போட்ட ஊசி வேற ஆளுக்குரியது. நான்தான் மாறிப் போட்டன்."

"தெரியும் பிள்ளை" என்றார். "அந்த வயசான அம்மா ஊசி கேக்கேக்கையே விளங்கினது."

"மறுகா ஏன் நீங்க சொல்லல்ல? பேரைக் கேட்ட நேரமும் ஓம் எண்டீங்களே?"

"முகாமில ஆமிக்காரர் என்ன பேர் சொல்லிக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவன். ரெண்டாந்தரம் கேக்க விட்டா வில்லங்கம். மற்றது, ஆரையும் காட்டிக் குடுக்கிற பழக்கம் எனக்கில்லை." பையை முடிந்தார். "நீங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கொண்டுபோன மருத்துவ அட்டையில், சீனி இறங்கியதற்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. டிக்கெட்டைப் பார்த்து அதை எழுதியதும் நான்தான்.

பரீட்சையில் இருவரும் தேறினோம். எனக்கு அதே வார்ட் கிடைத்தது. தோழிக்குத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்று. பஸ் ஏறமுதல் அவள் கேட்டாள்.

"சிஸ்டரிட்டச் சொன்னியாகா?"

"இல்ல."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறிப் போனாள். கடிதம் இரண்டு போட்டேன், பதில் வரவில்லை.

சிஸ்டர் அந்த வார்ட்டில் இன்னும் இரண்டு வருடம் இருந்தார். ஒவ்வொரு நாள் காலையும் அவருக்கு எதிரில் நின்றுதான் வேலையைப் பாரமெடுத்தேன்.